காற்றைக் கண்ணால் பார்த்த ஈரத்துணி அண்ணாச்சி

காற்றை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வாத்தியார்கள் ஈரத்துணி அண்ணாச்சியைச் சந்தித்ததில்லை. சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகிற வழியில் ஒரு கல்குவாரியில் அவர் தினமும் காற்றைப் பார்த்தார், அதை அதட்டினார், அதற்கு வழிவிட்டு எங்களை எல்லாம் நாற்காலியும் கையுமாக ஓடவும் வைத்தார். அவருடைய அசல் பெயரை வருகைப் பதிவேட்டில் ஆறு வருஷம் எழுதியவன் நான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரே பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு வருஷத்தில் அண்ணாச்சி செய்ததில் பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்தது என்று நினைத்த மீதிப் பாதி, தப்பாகப் புரிந்தது என்று பிறகு தெரிந்தது. எனவே இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தலை சுற்றினால் கவலைப்பட வேண்டாம். அண்ணாச்சியோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் அங்கே எடைமேடை அறையில் இருந்தேன். லோடு ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும். எடையைக் குறித்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன். என் அறைக்கு எதிரே பெரிய பள்ளம். அதற்குள் பாறையில் துளை போட்டு, வெடி வைத்து உடைப்பார்கள். உடைத்த கல் மேலே வந்து கிரஷரில் விழுந்து ஜல்லியாகவும், எம்-சாண்டு என்கிற செயற்கை மணலாகவும் வெளியே வரும். கூடவே தூசியும் வரும். அதை யாரும் ஒரு பொருளாகவே நினைத்ததில்லை, அண்ணாச்சியைத் தவிர.

அண்ணாச்சி அங்கே மேட். மேட் என்றால் பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கிய மேற்பார்வையாளர். பள்ளத்துக்குள் இறங்குகிற ஆட்கள் முழுசாக ஏறி வருகிறார்களா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. மற்ற குவாரி மேட்கள் கை கால் முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நம்முடையவர் மூச்சு முழுசாக இருக்கிறதா என்று பார்த்தார்.

தோளில் எப்போதும் ஒரு துணி. பழைய கைலியைக் கிழித்தது, சொட்டச் சொட்ட நனைந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மரியாதையாகக் கும்பிட்டேன். அவர் பதிலுக்கு என் மேஜையைத் துடைத்தார், பதிவேட்டைத் துடைத்தார், பிறகு என் கண்ணாடியை அது என் மூக்கின் மேல் இருக்கும்போதே துடைத்தார். வேலைக்குச் சேர்ந்தேனா அல்லது என்னைக் குளிப்பாட்ட ஆள் வைத்திருக்கிறார்களா என்று அன்று சாயங்காலம் வரை குழப்பமாக இருந்தது.

குவாரியில் விளக்குமாறே கிடையாது. இருந்ததை எல்லாம் அண்ணாச்சி பறிமுதல் செய்து ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டியிருந்தார். தரையை நனைத்துத்தான் துடைக்க வேண்டும். ஒருநாள் தெரியாத்தனமாக என் வீட்டிலிருந்து ஒரு விளக்குமாறு கொண்டுபோய் அறையைப் பெருக்க ஆரம்பித்தேன். எங்கிருந்துதான் வந்தாரோ, பிடுங்கிக்கொண்டார்.

“பெருக்குனா தூசி போயிரும்னு நினைக்கீரு. போவாதுவே. படுத்துக் கிடந்தது எந்திச்சு நிக்கும். அவ்ளோதான்.”

அந்த விளக்குமாறு திரும்பி வரவே இல்லை. வீட்டில் கேட்டபோது மேட் கைது செய்துவிட்டார் என்று சொன்னேன். மனைவி நம்பவில்லை.

ஆடி மாதம் வந்துவிட்டால் அண்ணாச்சியைப் பிடிக்க முடியாது. மேற்கே மலைப் பக்கமிருந்து காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். எங்கள் பக்கம் காட்டிலெல்லாம் காற்றாலை நிற்பது உங்களுக்குத் தெரியும். ஊர்க்காரர்களுக்கு அது கரண்டு மிஷின். அண்ணாச்சிக்கு அது ஓர் அறிவிப்புப் பலகை. றெக்கை எந்தத் திசையில் முகத்தைத் திருப்புகிறதோ அதற்கு ஏற்றபடி இங்கே எல்லாம் தூசி படாத பக்கத்துக்கு இடம் மாற வேண்டும். சாப்பிடும் இடம், தண்ணீர்க் குடம், டீக் கேன், சைக்கிள்கள், என் மேஜை. காலையில் அறையின் கிழக்கு மூலையில் இருந்த மேஜை மத்தியானம் வேப்பமரத்தடியில் கிடக்கும். லாரி டிரைவர்கள் சீட்டு வாங்க என்னைத் தேடிக்கொண்டு அலைவார்கள். ஒரு புது டிரைவர் என்னை விசாரித்தபோது, காற்றைப் பார்த்துப் போ, கிடைப்பார் என்று கிரஷர் ஆள் வழி சொன்னானாம்.

கொரோனா வந்தபோது ஊரே முகத்தை மூடியது. அண்ணாச்சி சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவருக்கு ஏகக் கோபம். துணி முகமூடியோடு பள்ளத்தில் இறங்கப்போனவர்களை நிறுத்தி, அது தும்மலுக்கு, கல்லுக்கு இதுதான் என்று கெட்டியான வேறொன்றை மாட்டிவிட்டார். மேலே ஏறியதும் இதைக் கழற்றி அதை மாட்ட வேண்டும். எது எப்போது என்று தெரியாமல் ஒருவன் இரண்டையும் சேர்த்து மாட்டிக்கொண்டு மயங்கி உட்கார்ந்துவிட்டான்.

இத்தனை கூத்துக்கும் நடுவில் அவர் உண்மையாகவே கவலைப்பட்டது ஒரே ஆளைப் பற்றி. சுடலை. பள்ளத்தில் ஜாக்ஹாமர் பிடிக்கிறவன். பாறைமேல் நின்று அந்தக் கனமான மிஷினை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துத் துளை போட வேண்டும். சுடலை போட்ட துளை நூல் பிடித்தது மாதிரி நேராக இறங்கும் என்று அக்கம்பக்கத்துக் குவாரிகளிலும் பேச்சு. துளையிலிருந்து வெள்ளை மாவு பொங்கி, முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்ட அவன் முகத்துக்கு நேராக வரும். மத்தியானம் அவன் ஏறி வரும்போது கண் இரண்டு மட்டும்தான் மனுஷன் நிறத்தில் இருக்கும்.

அவனுக்கு இருமல் இருந்தது. பள்ளத்துக்குள் இருமினால் எடைமேடையில் எனக்குக் கேட்கும். கேட்டால் பீடியால் வந்தது என்பான். அவன் பீடி குடித்து யாரும் பார்த்ததில்லை. அண்ணாச்சி தினமும் காலையில் பள்ளத்தின் விளிம்பில் நின்று அந்த இருமலை எண்ணுவார். என்னிடம் வந்து, “இன்னைக்குப் பதினாலுவே” என்பார். அதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்று தெரியாமல் முழிப்பேன். ஒருநாள் கேட்டும்விட்டேன், இதெல்லாம் எதற்கு அண்ணாச்சி என்று.

“அவனுக்கு நாப்பது வயசுதான் ஆவுது. கல்லுப்பொடி நெஞ்சுக்குள்ள சேந்துட்டுன்னா எடுக்க மருந்து கிடையாது. சேந்தது சேந்ததுதான். இனிமே சேராம பாக்கணும். என் உத்தியோகமே அதாம்வே.”

முதலாளியிடம் மாதக்கணக்கில் மன்றாடி, போர்வெல் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரே ஒரு குழாயை இழுத்துப் பள்ளத்துக்குள் விட்டிருந்தார். துளை விழுகிற இடத்தில் தண்ணீர் ஓடினால் மாவு சேறாகி அங்கேயே படுத்துவிடும். சுடலைக்கு அது பிடிக்கவில்லை. காலெல்லாம் சேறு, துளை கண்ணுக்குத் தெரியவில்லை என்று புகார். அண்ணாச்சி தலை மறைந்ததும் குழாயை மூடிவிடுவான். பள்ளத்துக்கு மேலே புகை மாதிரி எழும்பியதும் அண்ணாச்சி ஓடுவார். இந்த விளையாட்டு தினமும் நடந்தது.

அப்படியிருக்கும்போது குவாரி உரிமத்தைப் புதுப்பிக்கிற நேரம் வந்தது. தூசியை அளந்து ரிப்போர்ட் வைக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சிக்குக் கல்யாண வீட்டுக் களை. இத்தனை நாளாகத் தன் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது இனி எல்லோருக்கும் காகிதத்தில் தெரியும். முதலாளி மறுக்க முடியாது. சுடலைக்கு முழுசாகத் தண்ணீர் மிஷினே வந்துவிடும். அளக்கிற அன்று விடிந்ததும் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் புற்றுமண்ணோடு வந்தார். எங்கள் சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். பூசிக்கொள்வோம், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வோம். எனக்கும் ஒரு சிட்டிகை போட்டார். தூசிக்கு இத்தனை விரோதியாக இருந்துகொண்டு மண்ணைத் தின்னக் கொடுக்கிறீர்களே என்றேன். அது வயிற்றுக்குப் போகிறது, இது நெஞ்சுக்குப் போகிறது, இரண்டும் வேறு வாசல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நியாயம்தானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அளக்க ஒரு பெண்ணும் ஒரு பையனும் பெட்டிகளோடு வந்தார்கள். இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு குட்டி மிஷின். அதிலிருந்து ஒரு சின்னக் குழாய் ஏறிச் சட்டைக் காலர் பக்கம் நிற்கும். நுனியில் ஒரு வடிகட்டி. ஆள் இழுக்கிற காற்றைப் பக்கத்திலிருந்து அதுவும் நாள் முழுக்க இழுக்கும். சாயங்காலம் வடிகட்டியை எடுத்துப் போய் எவ்வளவு தூசி என்று பார்ப்பார்கள். ஒன்று சுடலைக்கு, ஒன்று எனக்கு. மாட்டிவிடும்போது அந்தப் பெண், விலை ஜாஸ்தியான சாமான், பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தடவை சொன்னது.

அண்ணாச்சி அன்று பள்ளத்துப் பக்கமே போகவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் நின்றால் சுடலை குழாயைத் திறந்துவிடுவானாம். அவர் பார்க்காதபோது என்ன நடக்கிறதோ அதைத்தான் மிஷின் எழுத வேண்டுமாம். திரும்பிப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

பத்து மணி வாக்கில் சுடலை மேலே வந்து என்னிடம் ஒரு பாலிதீன் கவரும் இரண்டு ரப்பர் பேண்டும் கேட்டான். கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஆபீசில் ரப்பர் பேண்டு கேட்பவனிடம் காரணம் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. என் மிஷின் இடுப்பில் விடாமல் ரீங்காரம் போட்டுக்கொண்டு கூச்சமூட்டியது. அதனால் கழற்றி, அதற்கும் நல்ல காற்று கிடைக்கட்டும் என்று சன்னல் ஆணியில் மாட்டிவிட்டேன். அந்தச் சன்னலுக்கு ஒரு முழம் தள்ளித்தான் லாரிகள் ஒவ்வொன்றாக எம்-சாண்டு ஏற்றிக்கொண்டு வந்து நிற்கும் என்பது எனக்கு நினைவில்லை.

பதினைந்து நாளில் ரிப்போர்ட் வந்தது. முதலாளி எங்களைக் கூப்பிட்டார். எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. நல்ல மனுஷன்தான், ஆனால் காகிதத்தில் எழுதியிருந்தால் சூரியன் மேற்கே உதிக்கிறது என்றாலும் நம்புவார். ரிப்போர்ட்டின்படி பள்ளத்துக்குள் சுடலை மூச்சு விடுகிற காற்றில் தூசியே இல்லை என்று சொல்லலாம். எல்லை தாண்டிய ஆபத்தான இடம், எடைமேடை அறை. அதாவது நான்.

முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பள்ளம் ஆழமாக இருப்பதால் அங்கே காற்று குளிர்ச்சியாகச் சுத்தமாக நிற்கிறது போல என்று அவரே விளக்கமும் கண்டுபிடித்தார். அன்றே உத்தரவு போட்டார். பள்ளத்துக்குள் போகிற குழாயை எடுத்து என் அறையைச் சுற்றி விட வேண்டும்.

இப்படியாக, சுடலையின் தண்ணீர் எனக்கு வந்தது. மணிக்கு ஒரு தரம் என் அறையைச் சுற்றி நனைத்தார்கள். வாசலில் சேறு, மேஜைக்கு அடியில் இரண்டு தவளை. வீட்டில் மனைவி ரிப்போர்ட்டைக் கேள்விப்பட்டு மூன்று வேளையும் மிளகு ரசமாக வைத்துத் தள்ளினாள். பள்ளத்துக்குள் சுடலை சந்தோஷமாக வறட்டுத் துளை போட்டான். வெள்ளைப் புகை பனைமர உயரத்துக்கு எழும்பியது. எங்கள் எல்லோருக்கும் அது தெரிந்தது. ஆனால் காகிதத்தில் இல்லை என்று போட்டிருக்கிறதே, என்ன செய்வது? நான்கூட அது வேறு ஏதாவது ஆவியாக இருக்குமோ என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

அண்ணாச்சி பேச்சையே நிறுத்திவிட்டார். ஒருநாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குள் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். இல்லாத தூசி தன் கண்ணுக்குத் தெரிகிறது, நரம்பில் கோளாறா என்று டாக்டரிடம் கேட்டாராம். டாக்டர் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்து அனுப்பினார். மறுநாள் அவர் வந்தபோது தோளில் துணி இல்லை. அந்த மனிதரைத் துணி இல்லாமல் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. காற்றாலையை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. என் மேஜை ஒரே இடத்தில் நாள் முழுக்க இருந்தது. அதில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை.

காலையில் அவர் பள்ளத்தின் விளிம்புக்குப் போவதையும் விட்டுவிட்டார். பழக்க தோஷத்தில் நான் எண்ண ஆரம்பித்தேன். பதினாலு இருபதானது. ஒரு திங்கட்கிழமை முப்பதைத் தாண்டியது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அந்த வாரம்தான் சுடலை எடைமேடைக்கு வந்து தன் செல்போனில் ஏதோ எழுத்து வரவில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்று நீட்டினான். போன் ஒரு பாலிதீன் கவருக்குள் இருந்தது, ரப்பர் பேண்டு போட்டு. நம் வீடுகளில் டிவி ரிமோட்டைச் சுற்றி வைப்போமே, அப்படி. எனக்குள் ஏதோ இடறியது. அன்று வாங்கிய கவர் இதற்குத்தானா என்று கேட்டேன்.

“இல்ல சார். அது அந்த மிஷினுக்கு வாங்குனது. அம்புட்டு விலையான சாமானு, பத்திரம்னு அந்தப் பிள்ளை சொல்லிச்சுல்லா. நம்ம தூசியில கெட்டுப்போச்சுன்னா? நுனியில கவரைப் போட்டுச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டேன். பாவம், அதுக்கும் மூச்சு வேணும்லா, கீழ கொஞ்சம் தொறந்து விட்டிருந்தேன். குடுக்கையில ஒரு பொட்டுத் தூசி கிடையாது.”

சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரித்தான். பிறகு இருமினான். தூசியை அளக்க வந்த மிஷினைத் தூசி படாமல் காப்பாற்றியிருக்கிறான். அதன் மூச்சுக்கு வழி வைத்த மனுஷன் தன் மூச்சைப் பற்றி யோசிக்கவில்லை. அதற்கு ரப்பர் பேண்டு கொடுத்தவன் நான். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஓடிப்போய் அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கவர், ரப்பர் பேண்டு, சன்னல் ஆணி, எல்லாம். நாலு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பம் பள்ளத்துக்குள்ள தூசி இருக்கு?”

“இருக்கு அண்ணாச்சி.”

“அப்பம் என் கண்ணுக்கு ஒண்ணும் இல்ல.”

அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு எழுந்து போய் என் துண்டைப் பிடுங்கி வாளியில் முக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அது நல்ல துண்டு.

முதலாளியிடம் போய்ச் சொன்னோம். அவர் மசியவில்லை. ரிப்போர்ட் நன்றாக வந்திருக்கிறது, உரிமமும் வந்துவிடும், இப்போது போய் நம்மாட்கள் மிஷினுக்குச் சட்டை போட்டுவிட்டார்கள் என்று அதிகாரிகளிடம் எந்த முகத்தோடு சொல்வது என்றார். அண்ணாச்சி வாதாடவில்லை. ரொம்பப் பணிவாக, ரிப்போர்ட்டின்படி நம் குவாரியிலேயே சுத்தமான இடம் அதுதான், நாளைக்குப் பத்து மணி டீயை அங்கே வந்து குடியுங்கள் என்று அழைத்தார். முதலாளி ரோஷக்காரர். வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் பள்ளத்துக்குள், சுடலையின் மிஷினுக்கு நாலடி தள்ளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் ஸ்டூல், ஸ்டூலில் டீ. முதலாளி வெள்ளை வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வெள்ளையைப் பார்த்துச் சுடலை மிஷினைத் தொடவே தயங்கினான். முதலாளியே போடு என்று கை காட்டினார். மிஷின் அலறியது. துளையிலிருந்து மாவு பொங்கியது. முதலில் முதலாளியின் செருப்பு மறைந்தது, பிறகு வேட்டி, பிறகு மீசை. டீயில் ஆடை கட்டியது, பால் ஆடை இல்லை. மூக்கு பொறுக்கவில்லை, ஆனால் ரோஷம், எழுந்திருக்கவும் மாட்டேன் என்கிறார்.

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். நூறு வரை எண்ணுவது என்று எங்களுக்குள் ஏற்பாடு. அதற்குள் முதலாளி தானே ஓடிவந்துவிடுவார், விஷயம் முடிந்துவிடும். இருபது வந்திருக்குமோ என்னவோ, அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை. பாய்ந்து போய் ஈரத்துணியால் முதலாளியின் மூக்கையும் வாயையும் சேர்த்து அமுக்கி, ஆளை நாற்காலியோடு தரதரவென்று காற்று வருகிற பக்கம் இழுத்துக்கொண்டு போனார். முதலாளிக்கு என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. தன்னைக் கொல்கிறார்கள் என்றே நினைத்துக் காலை உதைத்தார். சுடலை மிஷினை நிறுத்திவிட்டு, யார் பக்கம் சேருவது என்று தெரியாமல் நடுவில் நின்றான்.

துணியை எடுத்ததும் முதலாளி, என்னைத் தீர்த்துக்கட்டப் பார்த்தீரேவே என்று மூச்சு வாங்கினார். அண்ணாச்சி துணியை விரித்துக் காட்டினார். வெளிப்பக்கம் சாம்பல் நிறத்தில் கூழ் மாதிரி ஒட்டியிருந்தது.

“நீங்க டீ ஆறுத நேரங்கூட இருக்கலை முதலாளி. அவன் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இங்கனதான் நிக்கான்.”

முதலாளி துணியைப் பார்த்தார். பிறகு சுடலையைப் பார்த்தார். சுடலை அப்போது முதலாளியின் டீ கிளாஸைத் தன் சட்டையில் துடைத்து, தூசி விழாமல் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இருமல் வந்தது. கிளாஸின் மேல் இருமிவிடக்கூடாது என்று முகத்தைத் திருப்பி, குனிந்து, நெடுநேரம் இருமினான். அது முடிந்ததும் முதலாளி, குழாயைக் கொண்டுவந்து இங்கே போடுங்கள், அந்தப் பிள்ளைகளைத் திரும்ப அளக்க வரச் சொல்லுங்கள் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அந்த மாவுக் கோலத்திலேயே கார் ஏறிப் போனார்.

எனக்கு ஒரு சந்தேகம். நூறு வரை விட்டிருந்தால் இன்னும் நன்றாக உறைத்திருக்குமே, ஏன் பாதியில் கெடுத்தீர்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். என்மேல் அவர் உண்மையாகக் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

“அவரும் ஆளுதானவே. அவருக்கும் நெஞ்சு ஒண்ணுதான் இருக்கு.”

இரண்டாம் முறை அளந்தபோது சுடலை பட்ட வேதனையைச் சொல்லி மாளாது. விலையான சாமான் கண்ணெதிரே அழுக்காகிறதே என்று கை துடித்தது. அதைத் துண்டால் துடைத்துவிடாமல் இருக்க அண்ணாச்சி நாள் முழுக்கக் காவல் இருந்தார். நான் என்னுடையதை இடுப்பை விட்டு இறக்கவே இல்லை. ரிப்போர்ட் வந்தது. குழாயில் தண்ணீர் ஓடியும்கூட சுடலையின் எண் எல்லைக்கு எங்கேயோ மேலே இருந்தது. குவாரிக்கு அதுவரை வந்ததிலேயே மோசமான காகிதம் அதுதான். அண்ணாச்சி அன்று எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். நல்ல ரிப்போர்ட்டுக்கு ஒடிந்துபோனவர் கெட்ட ரிப்போர்ட்டுக்கு லட்டு கொடுக்கிறாரே என்று ஆட்கள் குழம்பிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டாக எடுத்துக்கொண்டார்கள். முதலாளியும் ஒன்றை வாயில் போட்ட பிறகுதான் எதற்கு என்று விசாரித்தார்.

அதன்பிறகு ஒவ்வொன்றாக வந்தது. தண்ணீர் உள்ளேயே ஓடுகிற துளைமிஷின் வந்தது, கிரஷருக்குத் தகர மூடி வந்தது, லாரிப் பாதையை நனைக்க டேங்கர் வந்தது. எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். சுடலையின் படத்தில்தான் நிழல் இருந்தது. சேர்ந்தது போகாது, இனி சேரக்கூடாது என்று டாக்டர், அண்ணாச்சி சொன்னதையே சொன்னார். சுடலையை ஜாக்ஹாமரிலிருந்து எடுத்து டேங்கரில் தண்ணீர் தெளிக்கப் போட்டார்கள்.

சுடலைக்கு அது பெரிய அவமானம். நேர்த்துளை போட்ட கை தண்ணீர் ஊற்றுவதா என்று அண்ணாச்சியோடு மாதக்கணக்கில் பேசவில்லை. பழிவாங்க, அவர் நடந்துபோகும்போதெல்லாம் வேண்டுமென்றே தண்ணீரை அவர்மேல் திருப்பி அடித்தான். நனைவதைவிடச் சந்தோஷமான விஷயம் அண்ணாச்சிக்கு உலகத்தில் கிடையாது என்பது அவனுக்கு ஏனோ உறைக்கவில்லை. அவர் தலையிலிருந்து சொட்டச் சொட்ட என்னிடம் வந்து, “இன்னைக்கு ஆறுதான்வே” என்பார்.

நான் அந்த வேலையை விட்டு வருஷங்களாகிவிட்டன. அண்ணாச்சியும் வயதாகி நின்றுவிட்டார். போன மாதம் சங்கரன்கோவிலில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல் பரண்மேலிருந்து ஒரு கட்டுக் காகித உறைகளை இறக்கினார். எல்லாம் எக்ஸ்ரே படங்கள். குவாரியில் வேலை பார்த்த ஒவ்வொருவருடையதும். சுடலைக்கு மட்டும் வருஷத்துக்கு ஒன்று. இப்போதும் வருஷா வருஷம் அவனை அவர்தான் அழைத்துப் போகிறாராம். அவன் இப்போதும் முறைத்துக்கொண்டேதான் வருகிறானாம். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் சன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பிடித்தார்.

“நிழலு கூடலைன்னு டாக்டர் சொல்லுதாரு. ரிப்போர்ட்டையே நம்பிக்கிட்டு இருக்க முடியாதுல்லா. நீரும் பாத்துச் சொல்லும்.”

எனக்கு எக்ஸ்ரே பார்க்கத் தெரியாது. எலும்பு எது, நிழல் எது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு படத்தையும் மாறி மாறி ரொம்ப நேரம் பார்த்தேன். கூடவில்லை அண்ணாச்சி என்றேன். பெருமூச்சு விட்டு அவற்றை உறையில் போட்டார். அடுத்ததாக என்னுடைய படத்தை எடுத்து, அதே வெளிச்சத்தில் பிடித்து, மேலிருந்து கீழாக நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தார். என்னைப் பெற்றவர்கள்கூட என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. அவர் பார்த்து முடிக்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.